மீத்திறன் கணினியும் நம் வயல்வரப்பும்

(ஊராட்சி உறுப்பினர்களும் வேளாண் பெருமக்களும் கூடியிருந்த பயிற்சி முகாமில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

விதை, உரம், வாய்க்கால், சாலை ஆகியவற்றைப் பற்றிப் பேச வேண்டிய இம்மன்றத்தில், எங்கோ புனேயிலும் நொய்டாவிலும் இருக்கின்ற இயந்திரங்களைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களில் சிலர் வினவக்கூடும். வினவுவது முறையே. ஆயினும் அவ்வியந்திரங்கள் நம் வரிப்பணத்தில் வாங்கப்பெற்றவை. நாற்று விடலாமா, மருந்து தெளிக்கலாமா, அறுப்பை ஒரு நாள் தள்ளலாமா என்று நாம் எடுக்கும் முடிவுகளைப் பற்றித்தான் அவை இரவும் பகலும் கணக்கிடுகின்றன. ஆகவே, அவற்றால் நமக்கு ஆவது யாது, ஆகாதது யாது என்பதைத் தெரிந்துகொள்வது நம் கடமை என்று கருதுகின்றேன்.

மீத்திறன் கணினி என்பது யாது?

பத்திரிகைகளில் ‘சூப்பர் கம்ப்யூட்டர்’ என்று எழுதுகிறார்களே, அதுவே மீத்திறன் கணினி. அது தனி ஓர் இயந்திரம் அன்று. ஆயிரக்கணக்கான கணக்கிடும் செயலிகளை ஒரே கூடத்தில் அடுக்கி, ஒன்றோடொன்று இணைத்து, ஒரே கணக்கைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொடுத்து, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் உழைக்கச் செய்வதே அதன் மருமம். ஒரு வேலி நிலத்தில் ஒருவர் மட்டும் நாற்று நட்டால் பல நாள் செல்லும். நூறு பேர் வரிசையாக இறங்கினால் பொழுது சாய்வதற்குள் முடியும் அல்லவா? அதைப் போன்றதே இது.

2024 செப்டம்பர் 26 அன்று நம் நாட்டில் வானிலை ஆய்வுக்கென்றே இரு பெருங் கணினிகள் தொடங்கி வைக்கப்பெற்றன. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தில் அமைந்தது ‘அர்கா’. நொய்டாவிலுள்ள தேசிய நடுத்தர வானிலை முன்னறிவிப்பு மையத்தில் அமைந்தது ‘அருணிகா’. அர்காவின் திறன் 11.77 பெட்டாஃப்ளாப்ஸ்; அருணிகாவின் திறன் 8.24 பெட்டாஃப்ளாப்ஸ். இவ்வெண்களை நம் வழக்கில் சொல்வதானால், அர்கா ஒரு நொடியில் ஏறத்தாழ 118 கோடி கோடி கணக்குகளைப் போடவல்லது. இத்திட்டத்தின் செலவு 850 கோடி ரூபாய்.

இவையன்றி, 2015-இல் தொடங்கப்பெற்ற தேசிய மீத்திறன் கணினி இயக்கத்தின் கீழ், கல்வி நிலையங்களுக்கும் ஆராய்ச்சிக் கூடங்களுக்கும் ‘பரம்’ என்னும் வரிசைக் கணினிகள் வழங்கப்பெற்றன. நம் திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022-இல் நிறுவப்பெற்ற கணினிக்குப் ‘பரம் பொருள்’ என்றே பெயர்.

பிறர் கொடுக்க மறுத்ததால் பிறந்தது

இம்முயற்சியின் வரலாறு சிறிது அறியத் தக்கது. 1980-களில் பருவமழையை ஆராய்வதற்காக நம் நாடு அமெரிக்காவிடம் ‘கிரே’ என்னும் பெருங் கணினியை விலைக்குக் கேட்டது. கேட்ட அளவு திறனுடையதைத் தர அந்நாடு இணங்கவில்லை. திறன் குறைந்த ஒன்றையே, அதுவும் இன்னின்ன பணிக்குத்தான் பயன்படுத்தலாம் என்ற கட்டுப்பாடுகளுடன் தந்தது. நமக்கென ஒன்றை நாமே செய்துகொள்வோம் என்று 1988-இல் புனேயில் சி-டாக் என்னும் நிறுவனம் தோன்றிற்று. விஜய் பட்கரின் தலைமையில் அந்நிறுவனத்தார் உழைத்து, 1991-இல் ‘பரம் 8000’ என்னும் கணினியை உருவாக்கினர். அண்டை வீட்டுக்காரன் ஏற்றம் தர மறுத்தபோது தானே ஏற்றம் கட்டிக்கொண்ட குடியானவனின் செயலுக்கு இது நிகர். கணக்கிடும் திறன் பிறர் கையில் இருக்குமானால், மழை பற்றிய நம் அறிவும் பிறர் கையிலேயே இருக்கும் என்பதை அன்று நாடு உணர்ந்தது.

மழையைக் கணக்கிடும் வகை

வானிலையை எவ்வாறு கணக்கிடுகின்றார்கள்? நிலத்தின் மேலுள்ள காற்று மண்டலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கின்றார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இந்நேரத்தில் வெப்பம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு, காற்று எத்திசையில் எவ்வளவு விரைவாக வீசுகின்றது என்று குறிக்கின்றார்கள். பிறகு இயற்பியல் விதிகளைக் கொண்டு, சில நிமிடம் கழித்து ஒவ்வொரு கட்டமும் எவ்வாறு இருக்கும் என்று கணக்கிடுகின்றார்கள். அந்த விடையை வைத்து அடுத்த சில நிமிடம்; இப்படியே பத்து நாள் வரை செல்கின்றார்கள்.

இவ்வழியை முதலில் முயன்றவர் லூயி ஃபிரை ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கிலேயர். முதல் உலகப்போர்க் காலத்தில், ஆறு மணி நேர வானிலையைக் கையாலேயே கணக்கிட்டார். அதற்கு வாரக்கணக்கில் காலம் பிடித்தது. கிடைத்த விடையும் பிழையாயிற்று. உலக வானிலையோடு ஓட்டம் பிடிக்க 64,000 கணக்கர்கள் ஒரே மண்டபத்தில் அமர்ந்து கணக்கிட வேண்டும் என்று அவர் 1922-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். 1950-இல் அமெரிக்காவில் ‘எனியாக்’ என்னும் கணினியைக் கொண்டு 24 மணி நேர வானிலையைக் கணக்கிட்டபோது, கணக்கு முடியவும் ஏறக்குறைய 24 மணி நேரம் ஆயிற்று. நாளை பெய்யும் மழையை நாளை மறுநாள் சொல்வதில் யாருக்கு என்ன பயன்? விடை காலத்தில் வந்தால்தான் அது முன்னறிவிப்பு. மீத்திறன் கணினியின் தேவை இங்கேதான் எழுகின்றது.

கட்டம் சிறிதாகச் சிறிதாகக் கணக்குத் தெளிவாகும். ஆனால் உழைப்புப் பெருகும். கட்டத்தின் நீள அகலத்தைப் பாதியாக்கினால், ஒரு கட்டம் இருந்த இடத்தில் நான்கு கட்டங்கள் வரும். காலத்தையும் பாதிப் பாதியாக நறுக்க வேண்டும். ஆகவே வேலை எட்டு மடங்காகும். முன்பு நம் நாட்டின் உலகளாவிய வானிலைக் கணக்கில் கட்டத்தின் பக்கம் 12 கிலோமீட்டர். 2025 மே 26 அன்று தொடங்கப்பெற்ற ‘பாரத் முன்னறிவிப்பு முறை’யில் அது 6 கிலோமீட்டர் ஆகியிருக்கின்றது. முன்னது ஏறத்தாழ 35,000 ஏக்கருக்கு ஒரு விடை. பின்னது ஏறத்தாழ 9,000 ஏக்கருக்கு ஒரு விடை. ஒரு வட்டாரத்துக்கு ஒரு சொல் என்று இருந்தது, சில ஊராட்சிகளுக்கு ஒரு சொல் என்னும் அளவுக்கு நெருங்கி வந்திருக்கின்றது. பழைய ‘பிரத்யூஷ்’ கணினி பத்து மணி நேரம் வரை எடுத்துக்கொண்ட கணக்கை அர்கா நான்கு மணி நேரத்தில் முடிக்கின்றது என்றும் அறிவிக்கப்பெற்றது.

நன்மைகள்

இதனால் விளையும் நன்மைகளுள் தலையாயது உயிர்க்காப்பு. 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 மக்கள் மாண்டனர். 2013 அக்டோபரில் அதே மாநிலத்தைப் ‘பைலின்’ என்னும் கடும்புயல் தாக்கியபோது, முன்னரே அறிவிப்புக் கிடைத்தமையால் பத்து இலட்சம் பேர் வரை பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மாண்டவர் தொகை ஐம்பதுக்குள் அடங்கிற்று. இப்புகழ் முழுவதையும் கணினிக்கே கொடுத்துவிடுதல் தகாது. செயற்கைக்கோள், ராடார், புயற்காப்பிடங்கள், வீடு வீடாகச் சென்று மக்களை அழைத்து வந்த ஊழியர்கள் ஆகிய எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. ஆயினும் நான்கைந்து நாள் முன்னதாகச் சொல்ல முடிந்தது கணக்கின் வலிமையால்தான்.

இரண்டாவது நன்மை வேளாண்மைக்கு உரியது. நாளை மழை வரும் என்று அறிந்தால் இன்று உரமிட மாட்டோம். மருந்து தெளிக்க மாட்டோம். களத்து நெல்லை மூடி வைப்போம். ஒரு தெளிப்பு மிஞ்சினாலும் ஒரு ஏக்கருக்குச் சில நூறு ரூபாய் நம் பையில் நிற்கும்.

மூன்றாவது, வானிலைக்கு அப்பாற்பட்ட பயன்கள். ஆற்றுப் படுகைகளில் வெள்ளம் எதுவரை ஏறும் என்று முன்கூட்டிக் கணக்கிடுதல், புதிய மருந்துகளைத் தேடுதல், மரபணு ஆராய்ச்சி முதலிய பணிகளுக்கும் தேசிய இயக்கத்தின் கணினிகள் பயன்படுகின்றன. மகாநதிப் படுகை வெள்ளக் கணக்கு இதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

செலவைப் பற்றியும் நேர்மையாகக் கணக்கிடுவோம். நம் நாட்டில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் உள்ளன. 850 கோடியைப் பங்கிட்டால், ஓர் ஊராட்சிக்கு ஏறத்தாழ 34,000 ரூபாய் விழும். ஓர் ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் அமைக்க இது போதாது. ஒரே ஒரு புயலில் ஒரே ஓர் ஊரின் ஆடு மாடுகளைக் காப்பாற்றினாலும் அவ்வூரின் பங்கு திரும்பி வந்துவிடும். ஆகவே, இது வீண் செலவு என்று சொல்வதற்கில்லை. ஆனால், காப்பாற்றினால் என்னும் சொல்லை நீங்கள் கவனிக்க வேண்டும். அச்சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கின்றது.

குறைகள்

கிணறு, மோட்டார், வாய்க்கால் மூன்றும் நன்றாயிருந்தால்தான் பயிருக்குத் தண்ணீர் பாயும். மீத்திறன் கணினி மோட்டாரைப் போன்றது. அதற்குள் செல்லும் அளவீடுகளே கிணற்று நீர். அதிலிருந்து வரும் செய்தியை ஊருக்குக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடே வாய்க்கால். குறைகளை இம்மூன்று இடங்களிலும் காண்கின்றோம்.

முதலில் மோட்டாரின் குறை. இக்கணினிகள் விரைவில் பழமையடைகின்றன. 2018-இல் நிறுவப்பெற்ற பிரத்யூஷ், மிஹிர் ஆகிய கணினிகளின் இடத்துக்கு 2024-இலேயே புதியவை வரவேண்டியதாயிற்று. ஆறாண்டுக்கொருமுறை மாடு மாற்றும் உழவனைப் போல் அரசு செலவிட வேண்டியிருக்கின்றது. இவை இயங்கவும், இயங்கும்போது எழும் வெப்பத்தைத் தணிக்கவும் இடையறாத மின்சாரம் வேண்டும். கணினியின் மூளையாகிய செயலிகளோ இன்னும் வெளிநாடுகளிலிருந்தே வருகின்றன. அன்று கிரே கணினியை மறுத்ததைப் போல் நாளை எவரேனும் செயலியை மறுத்தால் நாம் மீண்டும் இடர்ப்பட நேரும்.

அடுத்து, கிணற்றின் குறை. இன்றைய நிலை சரியாகத் தெரிந்தால்தான் நாளைய நிலையைக் கணக்கிட முடியும். வாய்க்காலில் இரண்டு வைக்கோல் துரும்புகளை ஒரே இடத்தில் விட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் அவற்றுக்கிடையே ஒரு விரற்கடை இடைவெளிதான் இருக்கும். மதகைத் தாண்டியதும் ஒன்று இக்கரையிலும் மற்றொன்று அக்கரையிலும் ஒதுங்கும். காற்று மண்டலமும் அத்தன்மையதே என்பதை அமெரிக்க அறிஞர் எட்வர்ட் லோரென்ஸ் 1963-இல் எடுத்துக்காட்டினார். ஆகவேதான் அறிஞர்கள் ஒரே கணக்கைச் சிறு சிறு மாற்றங்களோடு பலமுறை போட்டு, இத்தனை விழுக்காடு வாய்ப்பு என்று சொல்கின்றார்கள். மழைக்கு வாய்ப்பு 60 விழுக்காடு என்றால், வானிலையாளர் நழுவுகிறார் என்று கொள்ளற்க. பத்து முறை அவ்வாறு சொன்னால் ஆறு முறை மழை பெய்யும், நான்கு முறை பெய்யாது என்பதே அதன் பொருள்.

அஃதன்றி, நம் பகுதியில் இடியோடு கொட்டும் மேகம் பலசமயம் ஒரு கட்டத்தைவிடச் சிறியது. பக்கத்து ஊரில் ஏரி நிரம்ப, நம் ஊரில் புழுதி பறப்பதை நாம் கண்டதில்லையா? 2023 டிசம்பரில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை நினைத்துப் பாருங்கள். 18-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஓர் ஏக்கரில் 38 இலட்சம் லிட்டர் தண்ணீர் கொட்டியது என்று பொருள். வானிலைத் துறையின் வகைப்பாட்டில் 20 சென்டிமீட்டரைத் தாண்டிய மழை எதுவாயினும் ‘அதி கனமழை’தான், அதற்கு மேல் வேறு படி கிடையாது. 21 சென்டிமீட்டருக்கும் சிவப்பு நிறம். 95 சென்டிமீட்டருக்கும் அதே சிவப்பு நிறம். எவ்வளவு பெரிய கணினியும் இவ்விரண்டையும் ஊர் பிரித்து உறுதியாகச் சொல்லும் நிலையை எட்டவில்லை. ஆதலால் சிவப்பு எச்சரிக்கை வந்தால், அது குறைந்த அளவைத்தான் சொல்கின்றது, மேல் எல்லையைச் சொல்லவில்லை என்று நாம் கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக, வாய்க்காலின் குறை. இதுவே பெருங்குறை என்று எனக்குத் தோன்றுகின்றது. முன்னறிவிப்பை உழவர் மொழியில் மாற்றி, இப்போது களை எடுங்கள், இப்போது தண்ணீரை வடியுங்கள் என்று சொல்ல ஆள் வேண்டும். வேளாண் பல்கலைக்கழகங்களிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் இருந்த பிரிவுகளுக்குத் துணையாக, 2018 முதல் நாடெங்கும் 199 மாவட்டங்களில் வேளாண் அறிவியல் நிலையங்களில் மாவட்ட வேளாண் வானிலைப் பிரிவுகள் அமைக்கப்பெற்றன. செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் அவை அறிவுரை வழங்கி வந்தன. 2024 மார்ச்சில் அவை நிறுத்தப்பெற்றன. அதே ஆண்டு செப்டம்பரில் 850 கோடி ரூபாய்க் கணினிகள் தொடங்கப்பெற்றன. மோட்டாரைப் பெரிதாக்கிய ஆண்டிலேயே வாய்க்காலின் ஒரு கிளை தூர்ந்தது. எவரையும் குறை கூறுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. விடை காண்பதற்குச் செலவிடுவதைப் போல், விடையை எடுத்துச் சொல்வதற்கும் செலவிட வேண்டும் என்பதற்கே சொல்கின்றேன்.

அறிவிப்பு வந்தாலும் எல்லாம் காப்பாற்றப்படும் என்பதும் இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் ‘கஜா’ புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அறிவிப்பு முன்னரே கிடைத்தது. மக்கள் பல்லாயிரவர் முகாம்களுக்குச் சென்றனர். ஆனால் இலட்சக்கணக்கான தென்னைகளை எங்கே கொண்டுசெல்வது? மனிதர் எழுந்து நடக்கலாம். மரம் நின்ற இடத்தில்தான் நிற்கும். அதற்குப் பயிர்க் காப்பீடும், பல்வகைப் பயிரும், காற்றுத் தடுப்பு மரங்களும் வேண்டுமேயன்றிக் கணினி மட்டும் போதாது.

நாம் செய்ய வேண்டுவன

ஆகவே, பஞ்சாயத்துக்கள் செய்யத்தக்க பணிகள் சிலவற்றை உங்கள் முன் வைக்கின்றேன்.

ஒன்று: ஒவ்வோர் ஊராட்சியிலும் ஒரு மழைமானி இருக்கட்டும். மரநிழலும் கூரையும் இல்லாத வெளியில் அதை நடுங்கள். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளந்து ஏட்டில் எழுதுங்கள். வானிலைத் துறை அளக்கும் நேரமும் அதுவே. ஒரு மில்லிமீட்டர் மழை, ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 4,000 லிட்டர் தண்ணீர் என்று நினைவிற் கொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது நல்ல பாடமாகும். ஏட்டிலுள்ள கணக்கை வேளாண்மை அலுவலருக்கும் காட்டுங்கள். கிணற்றுக்கு நாம் வார்க்கும் ஒரு குடம் இது.

இரண்டு: 2024 அக்டோபர் 24 அன்று மத்திய ஊராட்சி அமைச்சகமும் வானிலைத் துறையும் ஊராட்சி அளவிலான வானிலை முன்னறிவிப்பைத் தொடங்கின. ‘இ-கிராம்ஸ்வராஜ்’ தளத்திலும் ‘மேரி பஞ்சாயத்து’ செயலியிலும் ஐந்து நாள் முன்னறிவிப்பைக் காணலாம் என்று அறிவிக்கப்பெற்றது. அலைபேசியில் பார்த்து மூடி விடாமல், பஞ்சாயத்து அலுவலக வாசற்பலகையில் தமிழில் எழுதி வையுங்கள். பால் கொண்டுவருவோரும் ரேஷன் கடைக்கு வருவோரும் படிப்பார்கள். படிக்கத் தெரியாதவர்க்கு ஒலிபெருக்கி இருக்கின்றது.

மூன்று: எச்சரிக்கை வந்தால் யார் எந்தத் தெருவுக்குச் செல்வது, தனியே வாழும் முதியோரை யார் அழைப்பது, ஆடு மாடுகளை எந்த மேட்டுக்கு ஓட்டுவது, ஏரி மதகின் சாவி யாரிடம் என்பதை மழைக்காலத்துக்கு முன்பே கிராம சபையில் தீர்மானித்து எழுதி வையுங்கள். மஞ்சள் நிறம் கவனிக்க; ஆரஞ்சு நிறம் ஆயத்தமாக; சிவப்பு நிறம் செயல்பட. சிவப்பு வந்த பிறகு கூட்டம் போடுவது பயன் தராது.

நான்கு: சொன்னது நடந்ததா என்று ஒரு பருவம் முழுதும் ஒப்பிட்டுப் பாருங்கள். எத்தனை நாள் சரி, எத்தனை நாள் தவறு என்று எழுதுங்கள். ஒரு நாள் தவறினால் இனி நம்பவே மாட்டேன் என்பதும், ஒரு நாள் பலித்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் இரண்டுமே உழவனுக்கு ஆகா. நம் ஊருக்கு இரண்டு நாள் அறிவிப்பு எவ்வளவு பலிக்கின்றது, ஐந்து நாள் அறிவிப்பு எவ்வளவு பலிக்கின்றது என்பதை நம் ஏடே நமக்குச் சொல்லும். எறும்பு முட்டை தூக்குவதையும் தும்பி தாழப் பறப்பதையும் பார்த்த நம் பெரியோர்களும் அவ்வாறு பல்லாண்டு ஒப்பிட்டே தெளிந்தார்கள்.

ஐந்து: மாவட்டம்தோறும் வேளாண் வானிலை அறிவுரையாளர் வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி அனுப்புங்கள். உங்கள் மழை ஏட்டையும் உடன் இணையுங்கள். வெறுங்கையோடு கேட்பதைவிடக் கணக்கோடு கேட்பது வலிமையுடையது.

பெருமக்களே, ஒரு நொடியில் கோடி கோடிக் கணக்குகளைப் போடும் இயந்திரம் நமக்குச் சொந்தம் என்பதில் பெருமை கொள்வோம், அதில் தவறில்லை. ஆனால் அவ்வியந்திரத்தால் ஒரு மூட்டை நெல்லைக்கூட மூடி வைக்க முடியாது. ஒரு பாட்டியைக்கூடக் கைப்பிடித்து மேட்டுக்கு ஏற்ற முடியாது. அவற்றைச் செய்ய வேண்டியவர்கள் இங்கே அமர்ந்திருக்கின்றீர்கள். மோட்டாரை அரசு பார்த்துக்கொள்ளட்டும். கடைமடையை நாம் பார்த்துக்கொள்வோம்.